கைவிரலும் கூட்டு மருந்தும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



எச்.ஐ.வி. தொற்றுக்காக அரசு மருத்துவமனைகளில் விலையின்றி வழங்கப்பெறும் கூட்டு மருந்துகள், இந்த விருதுநகர்ச் சீமையிலே, தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் அச்சுத் தொழிலுக்கும் தம் இரு கைகளையே முதலாக வைத்து ஜீவனம் செய்கிற மக்களின் சரீரத்தில், நோயை அடக்குவதோடு கூட வேறு என்னென்ன காரியங்களைச் செய்கின்றன, அவற்றை வைத்தியர்களாகிய நாங்கள் எந்த அளவுகோலால் அளந்து வருகிறோம், அந்த அளவுகோல் இந்த மண்ணுக்குப் பொருந்துவதுதானா என்பதே நான் இன்று பேச எடுத்துக்கொண்ட விஷயம். இலக்கியமும் சமயமும் தேச சரித்திரமும் பேசப்படுவது வழக்கமாக உள்ள இத்தகைய மேடையில், பலர் பேரைச் சொல்லவும் கூசுகிற ஒரு வியாதியைப் பற்றி, அதிலும் அதன் மருந்து தரும் உபத்திரவங்களைப் பற்றிப் பேச இடமளித்த நிர்வாகிகளுக்கு என் நன்றி உரியது.

இந்த மாவட்டத்தில் நின்று இப்பொருளைப் பேசுகிறவன் சாத்தூரை நினையாமல் பேச முடியாது. 2018-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத் தொடக்கத்தில், சாத்தூர் அரசு மருத்துவமனையில், கர்ப்பிணிப் பெண் ஒருவருக்கு ரத்தசோகையின் நிமித்தம் ரத்தம் ஏற்றப்பட்டது. சிவகாசி அரசு மருத்துவமனையின் ரத்த வங்கியிலிருந்து வந்த அந்த ரத்தத்தில் எச்.ஐ.வி. கிருமி இருந்தது. கொடுத்தவர் ஓர் இளைஞர். உறவினர் ஒருவருக்கு உதவும் பொருட்டுக் கொடுத்தவர். வெளிநாட்டு வேலைக்காகச் செய்துகொண்ட பரிசோதனையில் தமக்குத் தொற்று இருப்பதை அறிந்தவுடன், ஒளிக்காமல் தாமே மருத்துவமனைக்குத் தெரிவித்தவரும் அவரே. 2016-லேயே அவர் ரத்ததானம் செய்தபோது தொற்று தென்பட்டிருந்தும், அந்தச் செய்தி அவரை எட்டாமலே போயிற்று என்பது பின்னர் வெளிவந்தது. அந்த டிசம்பர் முடியுமுன்னே, வேதனை தாங்காமல் அவர் உயிர் நீத்தார். பெண்ணுக்குக் கூட்டு மருந்து தொடங்கப்பட்டது. 2019 ஜனவரியில் மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் பெண் குழந்தை பிறந்தது. குழந்தைக்குத் தொற்று இல்லை என்பது பிறகு சோதனையில் தெரிந்தது. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 25 லட்சம் ரூபாய் நஷ்டஈடு வழங்குமாறு அரசுக்கு உத்தரவிட்டது.

ரத்த வங்கிகளின் கவனக்குறைவைப் பற்றி அந்நாட்களில் நிரம்ப எழுதப்பட்டது; எழுதப்பட வேண்டியதே. ஆயினும் அந்த விருத்தாந்தத்தில் என் மனம் ஓயாமல் திரும்பிச் செல்வது வேறு இரண்டு இடங்களுக்கு. ஒன்று, அந்தப் பெண்ணை மருத்துவமனைக்கு வரச்செய்த முதற்காரணம் ரத்தசோகை என்பது. மற்றொன்று, அன்று தொடங்கிய மாத்திரையை ஒருநாளும் தவறாமல் ஆயுள் முழுவதும் விழுங்கியாக வேண்டிய நிலைமை. நஷ்டஈட்டை ஒரு முறை கொடுத்து முடிக்கலாம். மாத்திரை நாள்தோறும் புதிதாய் உட்புகுகிறது. பலவீனமான ஒரு தேகம், முடிவில்லாத ஒரு மருந்து, இவை இரண்டும் சந்திக்கும் இடத்திலேதான் பக்கவிளைவு என்பது பிறக்கிறது.

சரித்திரத்தைச் சுருக்கமாகவே சொல்கிறேன். இந்தியாவில் இக்கிருமியின் அடையாளம் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது நம் சென்னையில், 1986-ஆம் ஆண்டில். சென்னை மருத்துவக் கல்லூரியின் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி டாக்டர் செல்லப்பன் நிர்மலாவும் செய்த ஆராய்ச்சி அது. அடுத்த ஆண்டே அமெரிக்காவில் ஸிடோவுடின் என்ற முதல் மருந்து அங்கீகாரம் பெற்றது. மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால் கிருமி அடங்கும் என்பது 1996-ஐ ஒட்டி நிச்சயமாயிற்று. ஆனால் ஒருவருக்கு ஆண்டொன்றுக்குப் பதினாயிரம் டாலருக்கும் மேல் செலவாகிற சிகிச்சை நம் நாட்டு ஏழைக்கு ஆகாயத்து மலராகவே இருந்தது. 2001-ல் பம்பாய் சிப்லா நிறுவனத்தின் டாக்டர் யூசுப் ஹமீத், மூன்று மருந்துகள் சேர்ந்த சிகிச்சையை ஆண்டுக்கு 350 டாலருக்கு, எல்லையற்ற மருத்துவர்கள் சங்கத்துக்குத் தருவதாக அறிவித்தார். அந்த அறிவிப்பு உலகத்து மருந்து விலைகளையே சரித்தது. 2004 ஏப்ரல் 1 அன்று மத்திய அரசின் இலவசக் கூட்டு மருந்துத் திட்டம் தொடங்கிற்று. தாம்பரம் அரசு நெஞ்சக மருத்துவமனை அதன் ஆரம்ப மையங்களுள் ஒன்று. மரணத்தை எதிர்நோக்கிக் கட்டிலில் கிடந்தவர்கள் எழுந்து நடந்து வயலுக்கும் ஆலைக்கும் சென்றதை நாங்கள் கண்ணாரக் கண்டோம். நான் இனிச் சொல்லப்போகும் குறைகள் எல்லாம் அந்தப் பெரும் உபகாரத்துக்கு உட்பட்டவை. இவற்றைக் கேட்டு ஒருவரும் மருந்தைத் தாமாக நிறுத்திவிடலாகாது. நிறுத்திய இடத்தில் கிருமி மீண்டும் தலையெடுக்கும். மருந்துக்கு அடங்காத கிருமியாகவும் மாறும்.

நம் மக்களுக்கு முதலில் கிடைத்த அந்த மூன்றில் ஒன்று ஸ்டாவுடின். அதைத் தேர்ந்தெடுத்ததற்கு நியாயம் இருந்தது. விலை மிகக் குறைவு. ஸிடோவுடினைப் போல ரத்தத்தை வற்றச் செய்வதில்லை. ஆகையால் அடிக்கடி ரத்தப் பரிசோதனை வேண்டுவதில்லை. பரிசோதனைச் சாலை இல்லாத ஊருக்கு ஏற்ற மருந்து என்று அதனைப் புகழ்ந்தார்கள். ஆனால் பரிசோதனை வேண்டாத மருந்து என்பதற்கு அது தீங்கு செய்யாத மருந்து என்று பொருளில்லை; அது செய்கிற தீங்கு பரிசோதனைக் குழாயில் அகப்படாமல் மெதுவாக, மாதக்கணக்கில், மனிதனுடைய கால்களிலும் கைகளிலும் முகத்திலும் நிகழ்வது என்றே பொருள். நம் உயிரணுக்கள் ஒவ்வொன்றின் உள்ளேயும் சக்தியை உற்பத்தி செய்யும் மைட்டோகாண்ட்ரியா என்னும் நுண்ணுறுப்புகள் உண்டு. கிருமி பெருகுவதைத் தடுக்கும் அதே கைவேலையால், இந்த நுண்ணுறுப்புகள் புதுப்பித்துக்கொள்வதையும் ஸ்டாவுடின் தடுத்தது. அதிகச் சக்தி தேவைப்படும் நீண்ட நரம்புகள் முதலில் வாடின. பாதத்தில் நெருப்பை வைத்தாற்போன்ற எரிச்சல், பின் மரமரப்பு, நடந்துவரும் வழியில் செருப்புக் கழன்று விழுந்ததையும் அறியாமல் வீடு வந்து சேர்கிற நிலை. இது கால்விரலில் தொடங்கி மேலேறி, நாளடைவில் கைவிரல் நுனியையும் எட்டும். காசநோய்க்காக ஐஸோனியாசிட் மாத்திரையும் சேர்ந்து உட்கொள்கிறவருக்கு, பி6 வைட்டமின் கொடுக்கத் தவறினால், இந்த வாட்டம் இன்னும் வேகமாக வரும். நம் நாட்டில் இந்த நோயும் காசமும் அடிக்கடி சேர்ந்தே வருவன அல்லவா?

கைவிரல் நுனி என்று சொன்னேன். சிவகாசிப் பக்கத்தில் அதன் விலை என்ன என்பதை இங்குள்ளவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தீப்பெட்டி ஆலைகளில் குச்சிகளைக் கட்டையில் அடுக்குவதும், பட்டாசு ஆலைகளில் வெடிக்குத் திரி செருகுவதும், சரவெடிக்கு 2018-ல் தடை வருமுன் சரம் பின்னுவதும் கண்ணை விட விரலை நம்பி நடக்கும் வேலைகள். பழகிய கை பார்க்காமலே பின்னிக்கொண்டு போகும். கண் பக்கத்திலிருப்பவரோடு பேசிக்கொண்டிருக்கும். கூலியோ நாட்கணக்கில் இல்லை. செய்துமுடித்த உருப்படிகளின் கணக்கில். ஸ்டாவுடின் கொடுத்துவந்த அந்த நாட்களில் சரம் பின்னுகிற ஓர் அம்மாள் என்னிடம் வந்தார். வலி இருக்கிறதா என்று கேட்டேன். பெரிதாக இல்லை என்றார். நடக்க முடிகிறதா என்று கேட்டேன், முடிகிறது என்றார். பிறகு என்னதான் கஷ்டம் என்று கேட்டபோது, தம் வலக்கையின் பெருவிரலையும் ஆள்காட்டி விரலையும் ஒன்றோடொன்று உரசிக் காட்டி, "விரலுக்குக் கண்ணு தெரிய மாட்டேங்குதுய்யா" என்றார். இரண்டு விரல்களின் நுனியிலும் அலுமினியப் பொடி ரேகை ரேகையாகப் படிந்திருந்தது. அவர் பின்னும் சரங்களின் எண்ணிக்கை பாதிக்கும் கீழே போய்விட்டதாகவும், மேஸ்திரி இரண்டு வாரமாகக் கடிந்துகொள்வதாகவும், காரணத்தை எவரிடமும் சொல்ல முடியவில்லை என்றும் அதன் பின்னர்தான் மெல்ல மெல்ல வெளிவந்தது.

இந்த இடத்தில் எங்கள் சாஸ்திரம் எப்படி அளக்கிறது என்பதைச் சொல்ல வேண்டும். மருந்தின் தீங்குகளை நான்கு படிகளாக வகுத்திருக்கிறார்கள்: லேசானது, நடுத்தரமானது, கடுமையானது, உயிருக்கு ஆபத்தானது. முதற்படியில் தேறுதல் சொல்ல வேண்டும். இரண்டாம் படியில் உபசாந்தி செய்து அதே மருந்தைத் தொடரலாம். மூன்றாம் படியில் மருந்தை மாற்ற வேண்டும். நான்காம் படியில் எல்லாவற்றையும் நிறுத்திவைத்து உயிரைக் காக்க வேண்டும். இந்த வகுப்பு அறிவாளிகள் செய்தது. அதைக் குறைகூற நான் வரவில்லை. ஆனால் அன்றாடக் காரியங்களுக்கு எவ்வளவு தடை என்பதைக் கொண்டே படி நிர்ணயமாகிறது; அந்த அன்றாடக் காரியங்கள் யாருடையவை என்ற கேள்வி கேட்கப்படுவதில்லை. விரல் நுனியில் சிறிது மரமரப்பு என்பது நாற்காலியில் அமர்ந்து கையொப்பமிடுகிறவருக்கு முதற்படியே. சரம் பின்னியவருக்கு அது வேலை நீக்கம். விறகு நிறுக்கிற தராசில் தங்கத்தை நிறுத்தால், குறைந்தது எவ்வளவு என்பதே தெரியாமல் போகும். நாங்கள் அவ்வாறே நிறுத்துவந்தோம் என்பது என் திடமான அபிப்பிராயம். எரிச்சலும் மரமரப்பும் தொடங்கிய உடனேயே மருந்தை மாற்றினால் நரம்பு பெரும்பாலும் தேறிவிடும். மூன்றாம் படி வரட்டும் என்று காத்திருந்தால் மருந்தை நிறுத்திய பின்னும் மரமரப்பு நீங்காமல் நிலைத்துவிடும். காத்திருந்து தொலைத்த விரல்கள் இந்தப் பகுதியில் உண்டு.

ஸ்டாவுடினுக்கு மற்றொரு குரூரமும் இருந்தது. கன்னத்துச் சதை கரைந்து குழி விழும். கை கால்களில் ரத்த நாளங்கள் புடைத்துத் தெரியும். வயிறும் பிடரியும் மாத்திரம் பெருக்கும். இத்தகைய முகத்தை ஒரு முறை கண்டு பழகியவர்கள் அடுத்த முறை கடைத்தெருவிலேயே அடையாளம் கண்டுகொண்டார்கள். வியாதியை மறைத்துவைக்க ஒரு பெண் தன் புருஷனிடமும் மாமியாரிடமும் என்னென்னவோ பொய் சொல்லி, மாத்திரை டப்பாவின் மேலுள்ள சீட்டைக் கிழித்து அரிசிப் பானைக்குள் ஒளித்துவைத்துக் காப்பாற்றி வந்த ரகசியத்தை, அந்த மருந்தே அவள் முகத்தில் எழுதிக் காட்டிவிட்டது. ரத்தத்தில் லாக்டிக் அமிலம் பெருகும் விபரீதமும் உண்டு. குமட்டல், களைப்பு, மூச்சிரைப்பு என்று தொடங்கி உயிரையே வாங்கிவிடும் அதனை அளந்து பார்க்கும் வசதி அந்நாளில் பெரும்பாலான மையங்களில் இல்லாததால், வயிற்றுக் கோளாறு என்று எண்ணிக் கைவிட்ட மரணங்கள் எத்தனையோ.

மேல்நாடுகளில் இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஸ்டாவுடினை ஒதுக்கிவிட்டார்கள். உலக சுகாதார நிறுவனம் 2006-லேயே விலகிச் செல்லத் திட்டமிடுமாறு கூறி, 2007-ல் 40 மில்லிகிராமை 30 ஆகக் குறைக்கச் சொல்லி, 2009 நவம்பரில்தான் அடியோடு கைவிடுமாறு அறிவுறுத்தியது. நம் நாட்டில் அதற்கும் பின்னர் சில ஆண்டுகள் அது புழங்கிற்று. ஒரே மருந்து, ஒரே தீங்கு, ஒரே மனித நரம்பு. விடுதலை மாத்திரம் பணத்தின் வரிசைப்படி வந்தது. மாற்று மருந்தாகிய டெனோஃபோவிரின் விலை அப்பொழுது அதிகம் என்பது காரணமாகச் சொல்லப்பட்டது. அது உண்மைக் காரணமே. ஆயினும் நம் கணக்குப் பிள்ளைகள் மாத்திரையின் விலையைக் கூட்டினார்களே தவிர, ஒரு கை ஓய்ந்தால் ஒரு குடும்பம் இழக்கும் கூலியை எந்தப் பத்தியிலும் எழுதவில்லை. எழுதியிருந்தால் எது மலிவு என்ற முடிவு மாறியிருக்கும்.

இனி ஸிடோவுடின். ஆரம்ப காலத்தில் அமெரிக்காவில் இன்றைய அளவைப்போல் இருமடங்கும் அதற்கு மேலும் கொடுத்துப் பலரை வாட்டிய இந்த மருந்து, அளவு குறைந்த பின் பெரும்பாலோருக்கு ஒத்துப்போயிற்று. நகங்கள் கறுக்கும், அதனால் கெடுதல் ஒன்றும் இல்லை. ஆனால் எலும்பு மஜ்ஜையில் ரத்தம் ஊறுவதை அது குறைக்கும். இந்தக் குணம் எந்த மக்களிடையே போய்ச் சேர்கிறது என்று பார்க்க வேண்டும். 2019-21-ல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை. ஏற்கெனவே சோகை பிடித்த தேகத்தில் சோகை தரும் மருந்தைச் செலுத்துவதானால், கொடுக்குமுன்னும் கொடுத்த பின்னர் முதல் சில மாதங்களும் ஹீமோகுளோபினை அளந்துகொண்டே இருக்க வேண்டும். அதற்கு நோயாளி மையத்துக்கு வர வேண்டும்; வந்தால் ஒரு நாள் கூலியும் பஸ் கட்டணமும் போகும். மூச்சு வாங்குகிறது, தலை கிறுகிறுக்கிறது, படியேற முடியவில்லை என்று ஒரு பெண் சொல்லும்போது, வீட்டில் சரியாகச் சாப்பிடுவதில்லை என்ற பதிலே நம் சமூகத்தில் எப்போதும் முன்னால் வந்து நிற்கிறது. மருந்தினால் ரத்தம் வற்றியவர்களுக்குச் சில வேளை ரத்தம் ஏற்ற நேரிடும். சாத்தூர்ச் சம்பவத்தை அறிந்த எந்தப் பெண் அந்தக் கட்டிலில் நிம்மதியாகக் கை நீட்டுவாள் என்பதையும் இவ்விடத்தில் எண்ணிப் பார்க்க வேண்டும்.

நெவிரபினைப் பற்றி ஒரே வார்த்தை. முதல் இரண்டு வாரம் பாதி அளவும் பிறகு முழு அளவுமாகக் கொடுக்கப்பட்ட இந்த மாத்திரை சிலருக்குத் தோலில் தடிப்பை உண்டாக்கும். தடிப்போடு காய்ச்சலோ, வாயிலும் கண்ணிலும் புண்ணோ கண்டால் அன்றே மருத்துவமனை வந்தாக வேண்டும். அடுத்த மாதத் தேதிக்குக் காத்திருப்பது ஆபத்து. நோய் முற்றாத பெண்களுக்கு, அதாவது எதிர்ப்பணுக்கள் அதிகம் உள்ளவர்களுக்கே, இது ஈரலை அதிகம் தாக்கிற்று என்பது நாங்கள் எதிர்பாராத ஒரு பாடம்.

எஃபாவிரென்ஸ் கதை இந்தப் பகுதிக்கே உரிய ஒரு விசேஷம் உடையது. அது மூளையைத் தொடும் மருந்து. கிறுகிறுப்பு, தூக்கம் கலைதல், நனவு போன்றே தெளிவாகவும் பயங்கரமாகவும் வரும் கனவுகள், சிலருக்கு மனச்சோர்வு. இரவு படுக்கப்போகும் நேரத்தில் உட்கொண்டால் தொந்தரவு தூக்கத்திலேயே கழிந்துவிடும் என்பது எங்கள் உபதேசம். கொழுப்பு மிகுந்த உணவோடு சாப்பிட்டால் மருந்து ரத்தத்தில் அதிகம் ஏறும் என்பதையும் சொல்வோம். ஆனால் பிறவியிலேயே இம்மருந்தை மெதுவாகக் கரைக்கும் ஈரல் சிலருக்கு உண்டு. அவர்களுக்கு இரவு போட்ட மாத்திரையின் வேகம் விடிந்த பின்னும் தணியாது. இங்கேயோ ஆலை வண்டி கிராமத்து முச்சந்திக்குப் பொழுது விடியும் வேளையில் வந்து நிற்கிறது. வெடிமருந்துக் கலவை வேலை வெயில் ஏறுமுன், குளிர்ச்சியான காலைப் பொழுதில்தான் நடக்கிறது. கைதவறிய ஓர் உராய்வு என்ன செய்யும் என்பதை ஒவ்வோர் ஆண்டும் இந்த மாவட்டம் அழுதுகொண்டே அறிகிறது. தலை தெளியாத ஒருவன் அந்த அறைக்குள் நுழையலாமா? அவன் கலவை அறையில் வேலை செய்கிறவன் என்பதையே மையத்தில் ஒருவரும் கேட்டறியவில்லையானால், இந்தக் கேள்வியை யார் கேட்பது? வேறு மருந்து கொடுத்திருக்கலாம், அல்லது நேரத்தை மாற்றியிருக்கலாம், குறைந்தபட்சம் முதல் சில வாரங்கள் வேறு வேலைக்குப் போகச் சொல்லியிருக்கலாம். விபத்துக்கு மருந்து காரணம் என்று நான் சொல்லவில்லை. கேட்காமல் விட்ட கேள்வியைப் பற்றியே சொல்கிறேன்.

முதல் வரிசை மருந்துகள் பயன்படாதபோது கொடுக்கும் அடாஸனாவிர் மாத்திரை சிலருக்குக் கண்ணை மஞ்சளாக்கும். ஈரல் கெடுவதில்லை, பித்தநீரின் நிறப்பொருள் ரத்தத்தில் தேங்குவது மாத்திரமே. மருந்தை நிறுத்த வேண்டியதும் இல்லை. ஆனால் மஞ்சள் கண்ணைக் கண்ட மறுகணமே நம் வீடுகளில் மஞ்சள் காமாலை என்று தீர்ப்பாகிவிடும். கீழாநெல்லி அரைத்து மோரில் கலந்து கொடுப்பார்கள். எண்ணெய் தாளிதம் ஆகாது, உப்பு ஆகாது என்பார்கள். இங்கிலீஷ் மருந்தெல்லாம் சூடு என்று முதல் காரியமாக மாத்திரையை நிறுத்துவார்கள். கீழாநெல்லியின்மேல் எனக்கு விரோதமில்லை. மாத்திரை நின்றதே தீங்கு. கண் மஞ்சளாகலாம், அஞ்சாதே, மாத்திரையை நிறுத்தாதே என்று மருந்தைக் கொடுக்கும் நாளிலேயே நாங்கள் சொல்லியிருந்தால், அந்த வீட்டாரின் அன்பு தவறான வழியில் போயிராது.

2020-ஐ அடுத்து நம் நாட்டில் பரவலாக வழங்கப்பெறும் மாத்திரை டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் ஒன்றாய்ச் சேர்ந்தது. ஒரு நாளைக்கு ஒன்று. முன்னவற்றோடு ஒப்பிட்டால் இது பெரும் வரம்; நரம்பும் முகமும் தப்பின. ஆயினும் வரத்துக்கும் நிபந்தனை உண்டு. டெனோஃபோவிர் சிலருக்குச் சிறுநீரகத்தைத் தொடும். கிரியாட்டினைன் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கரிசல் வெயிலில், தகரக் கூரையின் கீழ், கழிப்பிடம் போகச் சங்கடப்பட்டுத் தண்ணீரே குடிக்காமல் பொழுதைக் கழிக்கும் பெண்களுக்கு, போதாக்குறைக்கு உடம்பு வலிக்கென்று கடையில் வாங்கி விழுங்கும் வலி மாத்திரைகளும் சேரும்போது, இந்த எச்சரிக்கை புத்தகத்தில் உள்ளதை விட இரண்டு பங்கு அவசியம். டோலுடெக்ராவிர் சிலருக்கு எடையைக் கூட்டும், தூக்கத்தைக் கெடுக்கும், சிலருக்குச் சர்க்கரையை ஏற்றும். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் சாப்பிடுகிறவருக்கு அது போதாமற்போவதால் மற்றொரு 50 மில்லிகிராம் மாலையில் சேர்க்க வேண்டும். இவற்றைவிட நம்மிடையே அதிகம் தவறுவது ஒன்று உண்டு. இரும்புச் சத்து மாத்திரையும் சுண்ணாம்புச் சத்து மாத்திரையும் நெஞ்செரிச்சலுக்குச் சாப்பிடும் அமிலமுறி மருந்தும் இதனோடு சேர்ந்தால், இதைக் குடலில் பிடித்துவைத்துக்கொண்டு ரத்தத்தில் சேரவிடாமல் செய்யும். டோலுடெக்ராவிரை அவற்றுக்கு இரண்டு மணி நேரம் முன்போ ஆறு மணி நேரம் பின்போ சாப்பிட வேண்டும். இரும்பும் சுண்ணாம்பும் மாத்திரமானால் உணவோடு சேர்த்து ஒன்றாகச் சாப்பிடலாம். கர்ப்பிணிப் பெண்ணுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரும்பு மாத்திரை கொடுக்கும் செவிலியருக்கு, அவள் வேறு ஒரு மாத்திரையும் சாப்பிடுகிறாள் என்பது பெரும்பாலும் தெரியாது. அவள் சொல்லமாட்டாள்.

ஏன் சொல்லமாட்டாள் என்பது வைத்தியத்தின் கேள்வியாக மட்டும் நிற்பதில்லை. 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டம் 2018 செப்டம்பர் 10 அன்று, சாத்தூர்ச் சம்பவத்துக்கு மூன்று மாதம் முன்பாக, அமலுக்கு வந்தது. தொற்றுள்ளவரை வேலையிலிருந்து நீக்குவதும், சிகிச்சை மறுப்பதும், அவர் சம்மதமின்றி அவருடைய நிலையை வெளியிடுவதும் சட்டப்படி தடை செய்யப்பட்டவை. சட்டம் நன்று. ஆனால் சட்டத்தை நம்பி ஆலை மேஸ்திரியிடம் வாய் திறக்கும் தைரியம் எத்தனை பேருக்கு வரும்? ஆகவே மயக்கம் வந்தால் வெயில் என்பார்கள்; கை மரத்தால் வாயு என்பார்கள்; தோலில் தடித்தால் ஆலைத் தூசி என்பார்கள். பட்டாசு ஆலையில் ரசாயனத் தூசியும் உண்மையிலேயே தோலை உறுத்துவதாகையால், மருந்து செய்ததா வெடிமருந்துப் பொடி செய்ததா என்று பிரித்தறிவது எனக்கே பல வேளை கஷ்டமாயிருந்தது. சிகிச்சை தொடங்கிய சில வாரங்களில் எதிர்ப்புச் சக்தி மீளும்போது, உள்ளே ஒளிந்திருந்த காசம் காய்ச்சலும் கட்டியுமாய் வெளிப்படுவதும் உண்டு. மருந்தால்தான் நோய் வந்தது என்று எண்ணி ஓடிப்போனவர்களை நாங்கள் திரும்பக் காணவில்லை.

என்ன செய்யலாம்? எனக்குத் தோன்றுவது மிக எளியது. சிகிச்சைப் புத்தகத்தின் முதற்பக்கத்தில் வயதும் எடையும் எழுதும் இடத்துக்கு அருகே, இவர் கையால் என்ன வேலை செய்கிறார் என்று ஒரு வரி எழுதப்பட வேண்டும். கூலி வேலை என்று எழுதுவது போதாது. திரி செருகுகிறாரா, கலவை அறையா, அச்சு இயந்திரமா, லாரி ஓட்டுகிறாரா என்று எழுத வேண்டும். மாதந்தோறும் மாத்திரை வாங்க வருகிறபோது, எண்ணிக்கை சரியா என்று கேட்பதற்கு முன், போன மாதத்தைவிட வேலை குறைந்திருக்கிறதா என்று கேட்க வேண்டும். வேலை குறைந்திருந்தால் அது எந்தப் படியில் விழுகிறது என்று பார்க்காமல், காரணத்தைத் தேட வேண்டும். ஐயமானால் ஒரு திரியையும் ஒரு வெற்றுக் குழலையும் கையில் கொடுத்துச் செருகிக் காட்டச் சொல்லலாம். விலையுயர்ந்த நரம்புப் பரிசோதனைக் கருவி வரும்வரை அதைவிட நம்பகமான சோதனையை நான் அறியேன்.

இங்கே மருந்தியலும் செவிலியமும் பயிலும் மாணவர்கள் அநேகர் இருக்கிறீர்கள். உங்களுக்கென்று ஒரு காரியம் உண்டு. மருந்துகளின் தீங்குகளைத் திரட்டும் தேசியத் திட்டம் ஒன்று 2010-ல் தொடங்கப்பட்டு, காஜியாபாதிலுள்ள இந்திய மருந்தியல் தர நூல் ஆணையத்தின் பொறுப்பில் நடந்துவருகிறது. வைத்தியர் மாத்திரமே எழுத வேண்டும் என்ற நிபந்தனை அதில் இல்லை. நோயாளியே எழுதலாம், வீட்டார் எழுதலாம், எழுதத் தெரியாதவருக்காக நீங்கள் எழுதிக்கொடுக்கலாம். அதற்குரிய படிவம் தமிழிலும் உண்டு. 1800-180-3024 என்ற கட்டணமில்லாத தொலைபேசி எண்ணில் வாயால் சொல்லவும் செய்யலாம். தீங்கு அந்த மருந்தால்தான் வந்தது என்று நிரூபித்த பிறகே எழுத வேண்டும் என்பதில்லை, சந்தேகமே போதும். எழுதுகிறவர் யார் என்பது வெளியே போகாது. எந்த மருந்து, எப்போது தொடங்கியது, என்ன நேர்ந்தது என்பவையே முக்கியம். என்ன நேர்ந்தது என்று கேட்கும் இடத்தில் எங்கள் சாஸ்திரத்துப் பெயர்களைத் தேடிச் சிரமப்பட வேண்டாம், திரி செருக முடியவில்லை என்றே எழுதுங்கள்.